வாழைப்பழத் தபால்தலைக்காக அண்ணன் எழுதிய கடிதங்கள்

இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தபால்தலை நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. "எழுதத் தெரிஞ்சவங்க நீங்கதானுங்க அம்மணி, ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துருங்க" என்று அண்ணி கேட்டுக்கொண்டதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் என் எழுத்து இருப்பது உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதை அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுபோன்ற மலர்களில் 'கண்ணீர் மல்க' என்று எழுதுவது வழக்கம். எனக்குக் கண்ணீர் வரவில்லை. இறந்த அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, உள்ளே எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அன்னூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் எட்டாவது படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது நான்கு வயது. அப்பாவின் முகமே எனக்கு நினைவில்லை, அண்ணனின் முகம்தான் நினைவிருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு, கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து லேத் பழகினார், பிறகு டை செய்யப் பழகினார். டை என்பது தகட்டை ஒரே அடியில் வேண்டிய வடிவத்தில் வெட்டியெடுக்கும் அச்சு. பம்புசெட் மோட்டாருக்குள் அடுக்கும் தகடுகளுக்கு டை செய்வதில் அண்ணன் கை சுத்தம் என்று முதலாளியே நாலு பேரிடம் சொல்வாராம். எங்களை ஊரிலிருந்து கூட்டிவந்து கணபதியில் ஒரு லைன் வீட்டில் குடிவைத்தார். என்னை பி.காம். வரை படிக்க வைத்ததும் அவர்தான். அதற்காக ஒரு நாளும் பெருமையாகப் பேசியதில்லை. பேசியதே குறைவு.

தபால்தலைப் பழக்கம் வந்தது அந்த வேலையால்தான். பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து ஏதோ இயந்திர விவரப் புத்தகம் வந்ததாம். அந்த உறையில் முக்கோணமாக ஒரு தபால்தலை இருந்திருக்கிறது. குப்பைக்குப் போகவிருந்ததை எடுத்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"கண்ணு, இதையப் பாரு. மூணு மூலையும் எப்படி உழுந்திருக்குதுன்னு பாரு. இதுக்கு டை போட்டவன் லேசுப்பட்ட ஆளில்ல" என்றார்.

தபால்தலையில் ஒரு பறவைப் படம் இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தைத்தான் பார்த்தார். கடைசிவரை அப்படித்தான். ராஜா படமோ ராக்கெட் படமோ அவருக்கு ஒன்றுதான். சதுரமும் நீள்சதுரமும் யார் வேண்டுமானாலும் வெட்டுவார்கள் என்பார். வட்டம், சாய்சதுரம், ஒரு நாட்டின் வரைபடம்போலவே வெட்டியது என்று சேர்த்தார். வளைவு அளக்கும் கேஜை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஆரம்பத்தில் பெரிய தபால் ஆபீசுக்குப் பக்கத்தில் ஞாயிறுதோறும் கூடும் சேகரிப்பாளர்களிடம் தன் முக்கோணங்களையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பல்லையெல்லாம் நறுக்கிப்போட்டீங்களே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாராம். தபால்தலையைச் சுற்றிப் பல்பல்லாக இருக்குமே, அதைப் பிசிறு என்று நினைத்து அண்ணன் பிளேடால் சுத்தமாகச் சீவியிருந்தார். பட்டறையில் வெட்டிய எந்தத் தகட்டையும் பிசிறோடு வெளியே அனுப்பக் கூடாது, அந்தப் பழக்கம். பல் போன தபால்தலைக்கு மதிப்பே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "நாப்பதும் போச்சு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த நாற்பதையும் தூக்கிப் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களில் ஒருவர்தான் டோங்கா என்ற தீவு நாட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே வாழைப்பழ வடிவத்திலேயே தபால்தலை போட்டிருக்கிறார்களாம், தேங்காய் வடிவத்திலும் உண்டாம். அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதே நண்பர் ஒரு பேனா நண்பர்கள் பட்டியலைத் தேடி, அந்தத் தீவிலுள்ள ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் முகவரியைக் கொடுத்தார். மெலே என்று பெயர். கடிதம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அண்ணனுக்கு ஆங்கில எழுத்து தெரியும், பட்டறை வரைபடங்களில் பார்த்துப் பழகியது. ஆங்கிலம் தெரியாது. ஆகவே எழுத்து வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று வருடம் நான்தான் எழுதினேன். கல்லூரியிலிருந்து வந்து களைத்துக் கிடப்பேன். "கண்ணு, ஒரு லெட்டரு" என்று வந்து நிற்பார். நான் முனகிக்கொண்டே ஒரு கோடு போட்ட நோட்டில் முதலில் அச்செழுத்தில் எழுதிப் பார்ப்பேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் அர்த்தம் எழுதச் சொல்வார். தனக்குத் தெரியாத ஒன்றில் தன் கையெழுத்தைப் போட மாட்டார். பிறகு நல்ல தாளில் எழுதி, நம் நாட்டுத் தபால்தலை சிலவற்றை உள்ளே வைத்து அனுப்புவோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பதில் வரும். நான் படித்துச் சொல்வேன்.

ஒரு நாள் அந்த வாழைப்பழம் வந்தது. மஞ்சளாக, வளைந்து, காம்போடு. அண்ணன் அதை உறையிலிருந்து எடுக்க வழக்கம்போலத் தண்ணீரில் ஊறப்போட்டார். அந்த ரகம் தானாக ஒட்டிக்கொள்ளும் பசை போட்டது, தண்ணீருக்கு வராது. மேல் தோல் உரிந்து பாதி வாழைப்பழம்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகு டோங்காவிலிருந்து வந்த எந்தத் தபால்தலையையும் அவர் உறையை விட்டுப் பிரிக்கவில்லை. கடிதம், உறை, தபால்தலை எல்லாம் வந்தது வந்தபடி அலமாரிக்குள் போனது.

பி.காம். முடித்ததும் பல்லடத்தில் ஒரு கோழித்தீவன அலுவலகத்தில் எனக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை பார்த்தவரை மணந்துகொண்டேன். அவர் வேறு சாதி. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்களில் பலர் அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்தான். அம்மா வாசலில் நின்று, "எனக்கு ஒரே புள்ளதான். இன்னொண்ணு செத்துப்போச்சு" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். செத்தவர்களுக்குச் செய்வதுபோல என்னைத் தலைமுழுகினார்கள். அண்ணனும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. சொன்னவர் இந்த மலரையும் வாங்குவார்.

கணபதிக்கும் பல்லடத்துக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நான்கு வருடம் அண்ணன் வரவில்லை. நானும் போகவில்லை. அம்மா செய்தது எனக்கு ஆறிவிட்டது, அவர் அப்படித்தான். அண்ணன் ஊற்றிக்கொண்ட அந்த ஒரு வாளிதான் ஆறவில்லை. என்னை வளர்த்தவருக்கு நான் இல்லாமலே ஆகிவிட்டேனா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டாம் வருடம் அம்மா இறந்தார். செய்தி கேட்டுப் போய்த் தெருவிலேயே நின்றேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் நெருப்புச் சட்டியோடு என்னைத் தாண்டிப் போனார். பார்த்தார். போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து மறுநாள் வேலைக்குப் போனேன்.

சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பட்டறையிலேயே நெஞ்சு வலி வந்தது. அண்ணி எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து, "வந்துருங்க அம்மணி, யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் பெரும்பாலும் கண்மூடியே கிடந்தார். இரண்டாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சாப்ட்டயா கண்ணு?"

"சாப்பிட்டனுங்ணா."

பிறகு அவர், "டோங்கா லெட்டரு நெறையா அலமாரீல கெடக்குது. படிக்கறக்கு ஆளில்லாமப் போச்சு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டார். நான்கு வருடம் பேசாத தங்கையிடம் தபால்தலையைப் பற்றித்தான் பேசினாரா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்தக் கோபமும் ஒரு நாளில் போய்விட்டது. அதற்கு அப்புறம் ஒன்றுமே வரவில்லை. கருமாதிக்கு வந்தவர்களுக்கு எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னது சரிதான்.

இனி நன்றி சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏற்றிய தோழர்களுக்கு நன்றி. அவருடைய கருவிப்பெட்டியை மூன்று மாதம் யாரும் தொடாமல் வைத்திருந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணிக்குத் தன் போர்வையைக் கொடுத்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு நன்றி, கிணத்துக்கடவுக்காரர் என்பது மட்டும்தான் அவரைப் பற்றித் தெரியும். தபால்தலைகளைப் பத்திரமாக ஆல்பத்தில் அடுக்கித் தந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கு நன்றி. அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவருமே யாரிடமும் வாய் திறந்ததில்லை. தனியாக நின்றபோதும் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்ட அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரால் தமிழ் படிக்க முடியாது, இந்த மலரும் அவர் கைக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் அண்ணி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பல்லடம் வந்தார். உள்ளே டோங்கா உறைகள் இருந்தன. நான் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு வந்தவை மட்டும் பதினெட்டு. "என்னதான் எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க அம்மணி. அவரு ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பாரு, ஒண்ணும் வெளங்காம வெச்சுப்போடுவாரு" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் இல்லாமல் இவர் எப்படிக் கடிதம் எழுதினார்? அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. என் பழைய நோட்டிலிருந்து ஒரு கடிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தக் கடிதம் போய்த்தான் வாழைப்பழம் வந்தது. பட்டறையில் ஒரு சாமான் ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் அதை மாதிரியாக வைத்துக்கொள்வார்கள், பிறகு மயிரிழைகூட மாற்ற மாட்டார்கள். அண்ணனும் அப்படியே செய்திருக்கிறார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரைபடத்தில் எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வரைந்து, தேதியை மட்டும் மாற்றி, அந்த ஒரே கடிதத்தை நான்கு வருடம் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்.

அந்தக் கடிதத்தில் நான் எழுதியிருந்தது இது: 'நான் நலம். என் தாயார் நலம். என் தங்கை நலம். அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறாள். பி.காம். கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரம் எங்கள் ஊரில் நல்ல மழை. நீங்கள் அனுப்பிய தபால்தலைக்கு நன்றி. வேறு வடிவம் இருந்தால் அனுப்புங்கள்.'

மெலே அம்மாளின் பதில்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். முதல் பதிலில், மறுபடியும் தேர்வா, பரவாயில்லை, தங்கையை மனம் தளர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அடுத்ததில், நான் நிறையப் பிள்ளைகளைப் பார்த்தவள், ஐந்தாம் முறை எழுதித் தேறியவர்களும் உண்டு என்றார். அதற்கடுத்து, உங்கள் ஊரில் மழை நிற்கவே நிற்காதா என்று கேட்டிருந்தார். அந்த மாதங்களில் பல்லடத்தில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவள் நான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணியும் சிரித்தார். பிறகு வந்த ஒரு கடிதத்தில், எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் உங்கள் தங்கையின் தேர்வுக்காக ஜெபிக்கிறோம் என்று இருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு தீவில், எப்போதோ நான் எழுதித் தேறிவிட்ட தேர்வுக்காக அத்தனை பேர் கும்பிட்டிருக்கிறார்கள். யாருக்கும் விளங்காமல் அது அலமாரியில் கிடந்திருக்கிறது.

பத்தாவது கடிதம் வேறு மாதிரி இருந்தது. 'வழக்கமாக உங்கள் தாயாரைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்கள். இந்த முறை அது இல்லை. அவர் நலமா?' பதினோராவதில், 'இந்த முறையும் தாயாரைப் பற்றி இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வருந்துகிறேன். தங்கை பக்கத்தில் இருக்கிறாளே, அது ஆறுதல்.'

படித்துவிட்டு நான் அண்ணியிடம் அந்த நோட்டைக் கேட்டேன். பைக்குள் அடியில் இருந்தது. அந்தப் பக்கத்தில் 'என் தாயார் நலம்' என்ற ஆங்கில வரியின் மேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் அம்மா இறந்த தேதி. "அத்தை போன பதினாறாம் நாளு உக்காந்து கோடு போட்டாருங்க. செத்துப்போனவங்களை நல்லா இருக்காங்கன்னு எழுதக் கூடாதுல்லீங்க?" என்றார் அண்ணி.

அதற்கு அடுத்த வரி நான். அதன் கீழே என் கையெழுத்திலேயே தமிழ் அர்த்தம் இருக்கிறது, தெரியாமல் எழுதினார் என்று சொல்ல வழியில்லை. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா இருந்தவரை ஒன்பது தடவை, அம்மா போன பிறகு ஒன்பது தடவை, நான் நலம் என்றும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றும் அண்ணன் எழுத்து எழுத்தாக வரைந்திருக்கிறார்.

அண்ணி, "என்னுங்க அம்மணி, என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நோட்டை அவர் பக்கம் திருப்பி, அந்த வரிக்குக் கீழே இருந்த தமிழை விரலால் காட்டினேன்.

மெலே அம்மாளுக்கு இந்த வாரம் கடிதம் எழுதினேன். அண்ணன் காலமான செய்தியைச் சொன்னேன். தேர்வில் தேறிவிட்டேன் என்றும், அவர்கள் ஜெபித்ததற்கு நன்றி என்றும் எழுதினேன். தபால்தலைகளை அண்ணன் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்றும் எழுதினேன். வாழைப்பழத்தைத் தண்ணீரில் போட்டதை எழுதவில்லை.

இந்தக் கட்டுரையின் கீழே யார் எழுதியதாகப் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். உறவுக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், வெறும் பெயரை மட்டும் போட்டுவிடலாமா என்றும் கேட்டார்கள். பெயர் வேண்டாம், இப்படிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை